கதவில் ஒட்டிய ஸ்பாஞ்ச்

மார்ச் ஒன்பதாம் தேதி, மருத்துவமனையின் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் இரும்புக்கதவுக்குப் புது ஸ்பிரிங் போட்டார்கள். கிருமி நுழையாமலிருக்க அது தானாகவே சாத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

ஈரப் போர்வைகளை இரு கையாலும் அணைத்துக்கொண்டு உலர்த்தும் அறைக்குப் போகிறவர்களுக்குக் கதவைத் தள்ள மூன்றாவது கை கிடையாது. எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடும் அவள், வலது இடுப்பால் ஓர் இடி இடிப்பாள். கதவு வாய் பிளக்கும். நாளொன்றுக்கு நூறு தடவைக்குக் குறையாது.

ஜூனில் இடுப்பின் வெளிப்பக்கம் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. படியேறினால் உயிர் போனது. அழுத்திப் படுத்தால் அடங்கும் என்று வலப்பக்கமே படுத்தாள். வலி கூடியது.

"எலும்பு தேஞ்சுபோச்சா டாக்டரம்மா?"

இடுப்பின் பக்கவாட்டில் எலும்பு புடைத்திருக்கும் மேட்டை டாக்டர் விரலால் அழுத்தினார். அவள் துள்ளினாள்.

"தேயல. எலும்புல சதை உரசாம இருக்க நடுவுல சின்னப் பை ஒண்ணு இருக்கு. அது வீங்கியிருக்கு. எங்கயாவது இடிச்சுக்கிறீங்களா?"

"உங்க ஆஸ்பத்திரிக் கதவுலதாம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையும் ஐஸ் ஒத்தடமும் எழுதினார். இடப்பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கச் சொன்னார். வலி குறைந்ததும் செய்ய ஒரு பயிற்சி காட்டினார். "இதுக்கும் கேக்கலேன்னா ஊசி. ஆனா இடிக்கிறத நிறுத்தணும்." ஆறு வார ஓய்வுக்குச் சீட்டும் தந்தார்.

சூப்பர்வைசர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"ஸ்பிரிங்கக் கொஞ்சம் தளர்த்துனா போதும் சார். லீவே வேணாம்."

"அது நம்ம கையில இல்லம்மா. ஒடம்பப் பாரு. உன் இடம் எங்க ஓடிடப் போவுது?"

சம்பளமில்லாத ஆறு வாரம். ஒத்தடம் கொடுத்தது கணவன்தான். மூன்றாம் வாரம் பயிற்சி தொடங்கியபோது, ஒருக்களித்துப் படுத்து அவள் காலை உயர்த்த, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான்.

"எட்டு... ஒம்பது... காலத் தூக்குறியா, கொடி ஏத்துறியா?"

"வாய மூடிட்டு எண்ணுய்யா."

ஏழாவது வாரத் திங்கட்கிழமை படிகளில் வலியில்லாமல் இறங்கினாள். கதவில், சரியாக அவள் இடுப்பு உயரத்தில், தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது.

"எனக்காகவா சார்?"

"அந்த டாக்டரம்மாதான் மேலிடத்துக்கு லெட்டர் போட்டாங்க. அளவு உன்கூட வேல பாக்குறவங்கதான் சொன்னாங்க." அவர் பேனாவைத் திறந்து மூடினார். "ஆனா, ஆள் எடுத்தாச்சும்மா. காலியானா கூப்பிடுறேன்."

அவளுக்குப் பின்னால் ஒரு புதுப் பெண் ஈரப் போர்வைகளோடு வந்தாள். எக்ஸ்பிரஸைவிட ஒரு சாண் உயரம்.

"கொஞ்சம் வழி விடுங்கக்கா."

அவள் விலகினாள். அந்தப் பெண் ஸ்பாஞ்சுக்கு மேலே, வெறும் இரும்பில், வலது இடுப்பால் இடித்துத் திறந்துகொண்டு போனாள்.