பூவரசிக்கு அரைப் பேரு

1

இந்தக் கதை ஒரு குரல் செய்தியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோர்தானில் ஒரு தையல் தொழிற்சாலை விடுதியிலிருந்து லோஜினி அனுப்பியது. "நிஷாந்தி, கதவு தொறந்துச்சாடி?" அவ்வளவுதான். பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் வரவில்லை, கதை வந்தது.

மலைகளின் மேல் மூடுபனி மெல்ல

(வேண்டாம். ஹட்டனைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். அன்றைக்கு நல்ல வெயில்.)

2

இப்றாஹிம் நானாவின் துணிக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். நானாவின் மகன் ரிஃகான், போன் திருத்தும் விஜிதரன், நான், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பக்கத்து லயத்து வரிசை வீட்டு லோஜினி. விளையாட்டு எளிது. விஜிதரன் கதை சொல்வான். அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி நாங்கள் நடப்போம், பேசுவோம், டைஸ் உருட்டிச் சண்டை போடுவோம். எதையாவது சாதித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும்.

அந்தப் புள்ளியை நாங்கள் 'பேரு' என்றோம். தோட்டத்தில் குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு ஒரு பேரு, அதாவது முழு நாள் கூலி; குறைந்தால் அரைப் பேரு. அந்தச் சொல்லோடு அந்தச் சட்டமும் மேசைக்கு ஏறிவிட்டது. பூதத்தைக் கொன்றால் முழுப் பேரு. பேசிச் சமாளித்தால் அரைப் பேரு. லயத்துப் பிள்ளைகளுக்கு அது நியாயமாகவே பட்டது.*

* தராசில் ஏறுவது கொழுந்து மட்டும்தானே. சறுக்குகிற மலையில் ஏறியது, அட்டை கடித்தது, பக்கத்து நிரையில் அழுதவளைத் தேற்றியது எதுவும் ஏறாது.

3

லோஜினியின் பாத்திரம் பூவரசி. கையில் ஆயுதமில்லாத தூதுக்காரி. மலைகளைத் தாண்டி இருக்கிற கடலைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுடைய ஆசை. நாங்கள் வெட்டிச் சாய்த்து லெவல் ஏறிக்கொண்டே போக, அவள் ஓநாயோடு பேசிக்கொண்டு அரை அரையாகச் சேர்த்தாள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். லோஜினியை ரொம்பச் சாதுவாக எழுதுகிறேனோ? ரயிலில் சன்னல் சீட்டுக்காக நானுஓயா வரைக்கும் ஒரு அம்மாவோடு வாய்ச்சண்டை போட்டவள் அவள். அவளிடம் இல்லாத சாந்தத்தைப் பூவரசிக்குக் கொடுத்திருந்தாளோ என்னவோ.)

4

கடைசி மலையில் ஒரு கதவு. மூன்றாம் லெவலுக்குத்தான் திறக்கும். பூவரசிக்கு ஒரேயொரு முழுப் பேரு குறைந்தது. எதிரே தனியாக ஒரு காவல்காரன்.

"ஒரே போடு, மூனாவது லெவல்," என்றான் ரிஃகான். "என் வாள வேணுமின்னாலும் எடுத்துக்க."

லோஜினி டைஸைத் தொடவில்லை. விஜிதரனைப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்டீங்களா அண்ணே?"

காவல்காரனுக்காக விஜிதரன் குரலை மாற்றிக்கொண்டான். "இன்னும் இல்லம்மா."

"இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

விஜிதரன் யோசித்தான். அதை அவன் எழுதிவைத்திருக்கவில்லை. "தெரியாதும்மா. சின்ன வயசுல இருந்து இங்கதான் நிக்கிறேன். யாரும் என்னைய உள்ள கூப்பிடல."

"பாக்க ஆசையா இருக்குங்களா?"

"இருக்கு." மாற்றிய குரல் எங்கேயோ நழுவிவிட்டது. அது விஜிதரனின் சொந்தக் குரல்.

"அப்ப வாங்க. ஒன்னாவே போய்ப் பாப்போம்."

ரிஃகான் பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினான். எந்தச் சண்டையிலும் எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை.

"இதுக்கு முழுப் பேரு குடுடா," என்றேன்.

விஜிதரன் டைஸ்களைப் பைக்குள் போட்டான். "அடுத்த ஞாயிறு சொல்றேன்."

லோஜினி எழுந்து குடையை எடுத்தாள். "அடுத்த ஞாயிறு நான் இருக்க மாட்டேன் விஜி. விசா வந்திருச்சு. புதன்கிழமை போறேன்."

அப்போதாவது அவன் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் படியிறங்கும்வரை பையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

5

நான் எழுதி அடித்த முடிவுகள்:

விஜிதரன் படியில் ஓடிப்போய், "முழுப் பேரு!" என்று கத்துகிறான். அவள் திரும்பி

(நடக்கவில்லை. படியும் குறுகல், இரண்டு பேர் நிற்க முடியாது.)

பூவரசி வாளை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு

(இதை எழுத எனக்கு உரிமையில்லை.)

6

குரல் செய்தி வந்த அன்று விஜிதரனின் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "ஒரு பேரு குடுக்க ஒனக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?"

ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னான். "குடுத்தா கதவு தொறக்கும். தொறந்தா பூவரசி போயிருவா. அப்புறம் லோஜினி எதுக்கு நம்ம மேசைக்குத் திரும்பி வரணும்? முடியாம ஏதாச்சும் ஒன்னு இங்க கெடக்கட்டும் நிஷா."

எனக்கும் அவளைத் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய நாற்காலியில் நாங்கள் பையைக்கூட வைப்பதில்லை.

"நீதானே கதை எழுதுற," என்றான். "நீயே குடு."

7

கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஒரு காவல்காரனிடம் அவன் ஆசையைக் கேட்டவளுக்கு முழுப் பேரு சேர வேண்டும், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் 'முழு' என்று எழுதப்போனதும் கை நின்றுவிடுகிறது. விஜிதரனைத் திட்டியவள் நான், இப்போது அதையேதான் செய்கிறேன்.

ஆகவே நீங்கள் போடுங்கள். உங்களுக்கு லோஜினி யாருமில்லை, உங்களால் முடியும். அரைப் பேரு போட்டால் அவளுக்கு அநியாயம், ஆனால் பூவரசி எங்களோடு மலையில் நிற்பாள். முழுப் பேரு போட்டால் கதவு திறக்கும், காவல்காரனும் அவளும் கடல் பார்ப்பார்கள்.

போனில் 'கதவு' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருப்பதாக அவளுக்கு அங்கே காட்டும். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.