கூரைக்குக் கீழே வரமாட்டேன் என்றவர்

…வருகிறார், அப்பா வருகிறார், அதுவும் இன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்கு, அவரே போன் செய்து சொல்லி… திர்சாவுக்குக் கையிலிருந்த வெள்ளரிக்காயை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, அடுப்பில் சூப் கொதிக்கிறது, அதை இறக்க வேண்டும், இறக்கினாளா? அப்பாவின் குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை, வழக்கில் ஜெயித்த வக்கீல் குரல்தான், "உன் கூரைக்குக் கீழ காலெடுத்து வைக்கமாட்டேன்னுதானே அன்னைக்குச் சொன்னேன்? பண்டிகைக்குக் கட்டற சுக்காக் கூடாரத்துக்கு மேல போடறது கூரை இல்ல, வெறும் ஓலை. வானம் தெரியணும், மழை விழணும். அதனால சொன்ன சொல்லு மீறாம நான் வரலாம்." எத்தனை வருஷமாக இதை யோசித்துக்கொண்டிருந்தார்? ஒவ்வொரு கூடாரப் பண்டிகைக்கும் பெத்தா திக்வா ஊரில் தன் சுக்காவில் தனியாக உட்கார்ந்து, ஓலையை அண்ணாந்து பார்த்து, இது கூரையா இல்லையா என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாரா? இயேசு என்கிற யேசுவாதான் யூதர்கள் காத்திருந்த மேசியா என்று நம்பி அவளும் கணவன் யிகாலும் கலிலேயாக் கடலில் முழுகி எழுந்த செய்தி போனபோது அப்பா கத்தவில்லை, சபிக்கவில்லை, அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார், அதோடு சரி… அம்மாவைப் புதைத்த நாளில்கூட இவள் வீட்டுக்கு வராமல் மயானத்து வாசலோடு திரும்பிப் போனவர், வருகிறார், பஸ் ஏறிவிட்டார், ஆண்டவரே, எருசலேமுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது!

பால்கனியில் சுக்கா அழகாகத்தான் நிற்கிறது, வெள்ளைத் துணிச் சுவர், யிகால் வெட்டிக்கொண்டு வந்த பேரீச்ச ஓலை, மாதுளங்காய்த் தோரணம், ஆனால் ஏன் இவ்வளவு இருட்டு? நேற்று ஓலை இடுக்கில் வெயில் பொட்டுப் பொட்டாக மேசையில் விழுந்ததே… கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள், மேல்வீட்டு யாஃபா அக்கா புதிதாக வாங்கிய, மோட்டாரில் விரிந்து மடங்கும் கித்தான் பந்தல் முழுதாக நீண்டு விரிந்து, அவள் சுக்காவுக்கு நேர் மேலே, ஒரு கூரையாக! ஒரே மூச்சில் மாடியேறினாள். யாஃபா அக்கா கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். "காலையில விரிச்சேன், இப்ப மடங்க மாட்டேங்குது. மெக்கானிக் பண்டிகை முடிஞ்சுதான் வருவானாம். உங்கப்பா வர்றாருன்னா சந்தோஷம்தான்டி, ஆனா இந்த மோட்டாருக்கு உங்கப்பாவத் தெரியுமா?" கீழே வந்தால் யிகால் தலையைச் சொறிந்தபடி சொல்கிறான், "ஓலையைக் கொஞ்சம் நெருக்கமா போட்டுடலாம் திர்சா. உள்ள உக்காந்தா மேல பந்தல் இருக்கறது தெரியவே தெரியாது." தெரியாது, உண்மைதான், அப்பாவுக்கு இப்போது பார்வையும் மங்கல், சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போவார்… ஆனால் அந்தச் சொல்? அவளை விட்டு விலகி நிற்க அவர் பிடித்துக்கொண்ட சொல்தான், இத்தனை வருஷம் அவளை அறுத்த சொல்தான், இருந்தாலும் அவருடையது, அதை அவருக்குத் தெரியாமல் உடைக்க நான் யார்? "கழட்டு யிகால், எல்லாத்தையும் கழட்டு. கீழ கார் நிறுத்தற இடத்துல கட்டலாம்." "குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துலயா?" "வானம் இருக்குல்ல?"

படியில் கம்பியோடு இறங்கி, துணியோடு இறங்கி, மறுபடி ஏறி, மேசையோடும் சூப் பானையோடும் இறங்கி, காரை எடுத்துத் தெருவில் விட்டு, யாஃபா அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்து, "என் பந்தல் பண்ணின பாவத்துக்கு நான் பெருக்கறேன்" என்று தரையைக் கூட்ட, வேர்வை கண்ணில் இறங்க, திர்சாவுக்குச் சிரிப்பாக வந்தது, இதுதானே பண்டிகை, கல் வீட்டை விட்டு இறங்கி ஆடுகிற வீட்டில் இருப்பதுதானே… வனாந்தரத்தில் முன்னோர் கூடாரத்தில் கிடந்தார்கள், ஆண்டவரும் அவர்கள் நடுவே ஒரு கூடாரத்தில்தான் தங்கினார், மாளிகை கேட்கவில்லை. இப்போது அந்தக் கூடாரம் இந்த உடம்புதான், நம்புகிறவருக்குள் அவருடைய ஆவி வந்து குடியிருக்கிறது, சபையில் பெண்களுக்கு இதை எவ்வளவு உறுதியாகச் சொல்வாள்! அப்படியானால் இந்த முழங்கால் ஏன் இப்படி நடுங்குகிறது? அவர் உட்கார்ந்திருக்கும் வீடு இப்படியா ஆடும்? ஆடட்டுமே, கூடாரம் காற்றுக்கு ஆடத்தான் செய்யும், அதற்காக உள்ளே இருப்பவர் எழுந்து போய்விடுவாரா என்ன… உள்ளே இருக்கிறீர்தானே? அப்பா கதவு வரைக்கும் வந்தால் போதும், உம்மை அவருக்குக் காட்டிவிடுவேன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், இன்று கதவே இல்லை, ஓலையைக் கொடு யிகால், சீக்கிரம், சீக்கிரம்!

கடைசி ஓலையைப் பரப்பும்போது தெருமுனையில் தொப்பி தெரிந்தது. இவ்வளவு மெலிந்துவிட்டாரா? ஓட வேண்டும் போலிருந்தது, ஓடினாள், அருகே போனதும் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பைக்குள் ரொட்டி, அவித்த முட்டை, காகிதக் கிண்ணம், தட்டு, எல்லாம் அவர் வீட்டிலிருந்தே, இவள் பாத்திரத்தில் கை நனைக்காமல் இருக்க… சரி, சரி, வந்ததே போதும். அப்பா குப்பைத் தொட்டியைப் பார்த்தார், சுக்காவைப் பார்த்தார். "பால்கனி இருக்குன்னு யோராம் சொன்னானே. இங்க ஏன் கட்டின?" அண்ணன் யோராம் இவளைப் பற்றி அவரிடம் பேசுகிறானா? "பால்கனியிலதாம்ப்பா இருந்தது. மேல்வீட்டுப் பந்தல் விரிஞ்சு மாட்டிக்கிச்சு. அங்க உக்காந்தா கூரைக்குக் கீழன்னு ஆயிடும், அதான்…" அப்பா நிமிர்ந்து பால்கனிப் பக்கம் பார்த்தார், கித்தானைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சிருக்காதே." "தெரிஞ்சிருக்காதுப்பா." ஓலைப் பக்கம் திரும்பினார். "ஓலையைக் கோணலா போட்டிருக்கான் உன் புருஷன்" என்று சொல்லி, குனிந்து உள்ளே போனார்.

ரொட்டியைக் கையில் எடுத்து, கூடாரத்தில் உட்காரக் கட்டளையிட்ட ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஆசீர்வாதத்தைச் சொன்னார், பிட்டு முதல் துண்டை அவளிடம் நீட்டினார். பிறகு பையிலிருந்து காகிதக் கிண்ணத்தை எடுத்து மேசைமேல் தள்ளினார், "சூப் வாசனை வருது. அம்மா வைக்கறதுதானே? இதுல ஊத்து." ஊற்றும்போது சிந்தியது, அவர் திட்டவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது, ஏதோ ஜெபம், அல்லது அம்மாவின் பெயர், வெயில் அவர் தாடியில் பொட்டுப் பொட்டாக ஏறி இறங்கியது, தெருவில் பஸ் ஒன்று போனது, அதன் பிறகு ஒரு அமைதி… திர்சாவின் கை கரண்டியோடு நின்றது. இந்த அமைதி அவளுக்குத் தெரியும், விடியற்காலையில் தனியாக மண்டியிடும்போது நெஞ்சுக்குள் வந்து உட்காருகிற அதே அமைதி, அதே கனம், சந்தேகமே இல்லை… ஆனால் இது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்லவா வருகிறது? எனக்குள் இருப்பவரை இவருக்குக் காட்டத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன், அப்படியானால் பெத்தா திக்வாவில் பஸ் ஏறும்போது இவரோடு ஏறியது யார்?

"என்ன அப்படிப் பாக்கற?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள், அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப்பை ஊற்றினாள்.