பச்சை மையில் எழுதிய அட்டை

எல்லாருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படியிருக்கிறது? யாருக்காவது முதுகு வலித்தால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். இது முதுகுவலிக் கதை. எங்கள் கெண்டக்கி மலைப்பக்கத்தில் அதை யாரும் வியாதியாகவே எண்ணுவதில்லை. சுரங்கத்தில் இறங்கினவனுக்கு மீசை மாதிரி முதுகுவலியும் இருக்கும், அவ்வளவுதான்.

ஜனவரி மாதம், சாயங்காலம் நாலு மணி. வெர்லீன் தன் புருஷன் ஹோபார்ட்டைச் சமையலறை மேசைமேல் உட்காரவைத்து, ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் நிலக்கரி வெட்டினான். சுரங்கத்தை மூடிய பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் படிப்புக்காக நோயாளி வேஷம் கட்டவேண்டும்.

"ராத்திரி வலி எழுப்பிவிடுதா?"

"இல்ல."

"எடை குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

"காய்ச்சல்? மூத்திரம் அடக்க முடியலையா?"

"நீ கேக்கற கேள்வியில வந்துரும்போல இருக்கு."

"அபாயக் குறி ஒண்ணும் இல்ல. எக்ஸ்ரே வேண்டாம். ஆறு வாரம் மாத்திரை, நடை. சரியா?"

ஹோபார்ட் பக்கத்திலிருந்த கேள்வி அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பதிலைப் பார்த்தான். "சரிதான் டாக்டரம்மா. அடுத்த ஆளைக் கூப்பிடு."

வெர்லீன் இருபத்துநாலு வருஷமாக ஊர்க் கிளினிக்கில் நர்ஸ். இப்போது எழுதுவது குடும்ப நர்ஸ் சான்றிதழ்ப் பரீட்சை. தேறினால் அவளே நோயைப் பார்த்து மருந்து எழுதலாம். முதல் தடவை ஒன்பது மார்க்கில் போயிற்று. கிளினிக்கில் பார்க்கிற ஆட்களை மனசில் வைத்துப் பதில் எழுதியதுதான் தப்பு என்றாள் பயிற்சி வகுப்புக்காரி. "பரீட்சையில வர்ற நோயாளி பொய் சொல்லமாட்டான். சொன்னதை அப்படியே நம்பு. மேல யோசிக்காத." வெர்லீன் அதைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினாள்.

கிளினிக்கில் இருந்த ஒரே டாக்டர் ப்ரூயிட், ஜூனில் ஓய்வு பெறுகிறார். வாய்க்கு வடிகட்டி இல்லாத மனுஷர். "இந்தத் தடவையும் கோட்டை விட்டா வெளியூர்லேருந்து ஒரு சின்னப் பொண்ணைக் கொண்டுவந்து உக்கார வச்சிருவாங்க வெர்லீன். அவளுக்குக் காப்பி எப்படிப் பிடிக்கும்னு இப்பவே கேட்டு வச்சிக்க" என்றார், நோயாளிகள் முன்னாலேயே.

அதனால்தான் அட்டை. பூட்ஸ் வந்த பெட்டி நிறைய நானூற்றுச் சொச்சம். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், எல்லாம் அவள் கையெழுத்து. கேட்பவன் ஹோபார்ட். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, முன்னால் குனிந்துகொண்டு, ஒவ்வொன்றாக வாசிப்பான். ரொம்ப அக்கறையாகக் குனிகிறான் என்று அவள் நினைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் விறகை அடுப்பில் வைக்கும்போது வாய்விட்டு முனகினான். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்கப்பனுக்கும் இந்த முதுகுதான், எங்கப்பனுக்கும் இந்த முதுகுதான். ரெண்டு பேரும் சத்தம் போடாமத்தான் செத்தாங்க. எனக்கு இருதயத்துல எழுபது அட்டை பாக்கி கிடக்கு. முனகணும்னா கொட்டகைக்குப் போய் முனகு."

அவன் சிரித்தான். கொட்டகைக்குப் போனான். கொஞ்ச நேரம் அங்கே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் முன்னறைச் சாய்வு நாற்காலியில் படுக்க ஆரம்பித்தான். "என் குறட்டையில நீ படிச்சதெல்லாம் பறந்துரும்" என்றான். வெர்லீனுக்குக் கட்டில் முழுசாகக் கிடைத்தது. அவித்த பயறும் சோள ரொட்டியும் வைத்தால் தட்டு காலியாகத்தான் இருந்தது. நாய் டியூக் மட்டும் பீப்பாய் மாதிரி பெருத்துக்கொண்டே போனது. "இதுக்குச் சர்க்கரை வியாதி வரப்போகுது பாரு" என்று அவள் நாயின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள்.

மே மாதம் லெக்சிங்டனில் பரீட்சை. நூற்றைம்பது கேள்வி. ஹோபார்ட்தான் டிரக்கில் கூட்டிப் போனான். எண்பத்தெட்டாவது கேள்வி வரைக்கும் வெர்லீன் மழைத்தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டு வயது ஆண். நடுமுதுகில் வலி. மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். நாலு மாதத்தில் இருபது பவுண்டு எடை இறங்கியிருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

வயிற்றை ஸ்கேன் எடுக்கவேண்டும். கணையத்தில் புற்றுநோயா என்று பார்க்கவேண்டும். வாசித்து முடிப்பதற்குள் விரல் சரியான பதிலை அழுத்திவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது. இந்தக் கேள்விக்கு அவளே அக்டோபரில் ஓர் அட்டை எழுதியிருந்தாள். நீல மை தீர்ந்துபோய்ப் பச்சை மையில். மூலையில் காப்பிக் கறை. இத்தனை மாதத்தில் ஹோபார்ட் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மேசையில் ஊன்றிய முழங்கை கண்முன் வந்தது. சாய்வு நாற்காலி வந்தது. நாய் வந்தது.

எழுந்து ஓடினாளா என்றால், இல்லை. இன்னும் அறுபத்திரண்டு கேள்வி இருந்தது. அடுத்தது காதுவலிக் குழந்தை. அதற்கும் சரியாகவே பதில் போட்டாள். கடைசிவரை எழுதிவிட்டுத்தான் எழுந்தாள். வாசலில் இருந்த பெண் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். தேர்ச்சி.

டிரக்கில் அவன் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரி குனிந்திருந்தான். கதவுச் சத்தத்தில் முகத்தைச் சரிபண்ணிக்கொண்டான்.

"என்ன, டாக்டரம்மாவா, வெறும் அம்மாவா?"

"பாஸ்."

"பாத்தியா! ப்ரூயிட்டு மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்."

"ஹோபார்ட், ஒரு அட்டை குறையுது."

 அவன் தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பைக் கீழே இழுத்தான். பச்சை மை அட்டை அவள் மடியில் விழுந்தது.

"எப்ப எடுத்த?"

"ஜனவரியில."

"நான் கேட்டேனே. தினம் கேட்டேனே, ராத்திரி எழுப்புதான்னு."

"நீ பரீட்சைக்குக் கேட்ட. நான் பரீட்சைக்குச் சொன்னேன்." குரலில் கோபம் இல்லை. "பின்பக்கமும் படிச்சிட்டேன். எழுத்து நல்லாத்தான் இருக்கு."

பின்பக்கம் அவள் கையெழுத்து: 'பெரும்பாலும் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.' அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள், மறக்காமலிருக்க.

"இப்பக் கேளு" என்று அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான். "இப்ப நேரம் இருக்குல்ல?"

வெர்லீன் வாயைத் திறந்தாள். முதல் கேள்வி எது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவன் இடுப்பு வாரில் கடைக்காரன் போட்ட ஓட்டைகளைத் தாண்டி, ஆணியால் அடித்த கோணல் ஓட்டைகள் நாலு. மீந்துபோன வார், வெயிலில் களைத்த நாயின் நாக்கைப் போல, மடியில் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது எதையாவது ஒளித்து வைத்திருந்தார்களா? எழுதுங்கள், வாசிக்கிறேன்.