புதன்கிழமை வஞ்சிரம்

கல்மண்டபம் ரோட்டோரத்தில் மீன் விற்கும் கார்குழலிக்குத் தெரிந்த உலக ஞானம் ஒன்றுதான்: வாடிக்கைக்காரரை நல்ல மீனால் கட்டிப்போட்டால் அவர் அடுத்த கூடைப் பக்கம் திரும்ப மாட்டார். அதைப் பள்ளிக்கூடத்திலும் செய்து பார்த்தாள். அப்படியொரு தப்பை மீன்காரியைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

அவள் மகள் அம்முவுக்கு ஏழு வயது. மணி அடித்தால் அலறுவாள். யாராவது பையைத் தொட்டால் கடித்துவிடுவாள். ஒரு பள்ளிக்கூடம் ஏற்கெனவே துரத்திவிட்டது. இங்கேயும் டீச்சர், "டிசி வாங்கிட்டுப் போயிடுங்க" என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டாள். இதுவும் போனால் பிள்ளை வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

அந்த வாரத்திலிருந்து புதன்கிழமைதோறும் டீச்சருக்கு வஞ்சிரம் போனது. கழுவி, துண்டு போட்டு, புருஷன் வலை பின்னும் நீல நைலான் கயிற்றால் பையின் வாயைக் கட்டிக் கொடுப்பாள். "அம்முவை நான் பாத்துக்கறேன்" என்றாள் டீச்சர். புகார் நின்றது. கார்குழலி தன் சாமர்த்தியத்தை மீன் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை இறால் நன்றாக வந்திருந்தது. புதன்வரை தாங்காதே என்று கூடையோடு காலையிலேயே பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாகப் போனாள். கக்கூசுக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த கொட்டகையில் அம்மு தரையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கயிறு, மறுமுனை ஜன்னல் கம்பியில். நீலக் கயிறு, துண்டு துண்டாக முடிச்சுப் போட்டு நீட்டியது. மூத்திர நாற்றம். பிள்ளையின் உதட்டில் ஈ.

"டீச்சர்தாம்மா கட்டிவெக்க சொன்னாங்கோ. டெய்லி இங்கதான் கீது. எனக்கே பேஜாராத்தான் கீது" என்றான் வாட்ச்மேன் டில்லிபாபு.

பேஜாராம்! அவிழ்த்துவிடக் கையில்லாதவனுக்குப் பேஜார் ஒரு கேடு.

கார்குழலிக்கு அருவருப்பாக இருந்தது. அவனைப் பார்த்து, டீச்சரை நினைத்து, எல்லாவற்றையும்விடத் தன் கையைப் பார்த்து. வாராவாரம் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்த கை. மீன் கத்தியால் கயிற்றை அறுத்தாள். பிள்ளையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு நேரே வகுப்புக்குள் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "கிளாஸுக்குள்ள என்னம்மா இது? நாறுது!"

"புதங்கெய்ம வஞ்சிரம் துன்னசொல்லோ நாறலியா?"

"அவ எல்லாரையும் கடிக்கிறா. நான் வேற என்னதான் பண்றது? டிசி தரேன், கூட்டிட்டுப் போங்க."

"எம் பொண்ணு இங்கதான் குந்தும். நானும் குந்துவேன். நாய் கணக்கா கட்டிப்போட்டத மொதல்ல உங்க ஹெட்மாஸ்டராண்ட போயி சொல்லு. அப்பால டிசி பேசு."

அப்போது மணி அடித்தது. அம்மு அலறினாள். கார்குழலி அவள் காதைப் பொத்தப் போனாள்; பிள்ளை அந்தக் கையைப் பிடித்து நறுக்கென்று கடித்தாள். கடிபட வேண்டிய கைதான் என்று கார்குழலி அதை இழுக்காமல் வைத்திருந்தாள்.