பத்தாயிரம் கிலோமீட்டர் ஆயுள்

காலையில் வண்டியைத் தள்ளுவதற்கு முன் ஜோபி பானெட்டைத் தூக்கி, ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தான். கம்பியின் நுனியில் ஆயில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தான். வழுவழுப்பே இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது, டீசல் வாடை அடித்தது.

கறுப்பைப் பார்த்து அவன் பயப்படவில்லை. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றினால் நாலு நாளில் கறுத்துவிடும், கலரைப் பார்த்து ஏமாறாதே என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் எதைப் பார்ப்பது? இந்தக் கேள்வி அவனை ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது. கேட்ட இடமெல்லாம் ஒரு பதில். பட்டறைக்காரர் ஐயாயிரம் கிலோமீட்டர் என்றார். பொள்ளாச்சி டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், "லைட்டு எரியட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்றார். பூண்டு மண்டி முதலாளி அப்துல் ஷுக்கூர் சொல்வது பத்தாயிரம். அடுத்த ஆயில் எப்போது என்று எழுதிய கதவோரத்து ஸ்டிக்கரிலும் அதே கணக்குதான். அந்தக் கணக்குக்கு இன்னும் பாதி தூரம் பாக்கி இருந்தது. ஆயிலோ இப்போதே செத்துக் கிடந்தது.

முதலாளியிடம் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மண்டியில் 'ஆயில்' கெட்ட வார்த்தை. அவனுக்கு முன்னால் இருந்த டிரைவர், ஆயில் மாற்றியதாகக் காசு வாங்கிக்கொண்டு ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஒட்டியவன். அவனை விரட்டிவிட்டு, தானே பக்கத்தில் நின்று புது ஆயில் ஊற்ற வைத்து, ஜோபியைச் சேர்த்த அன்றைக்கே ஷுக்கூர் சொல்லிவிட்டார். "தம்பி, பத்தாயிரத்துக்கு முன்னால எவன் வந்து ஆயில்னு வாயைத் தொறந்தாலும் அவன் களவாணிதான். பொறவு கோவிச்சுக்கப்படாது."

சொன்னால் திருடன். சொல்லாமல் விட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டால், வண்டியைக் கொன்றவன். மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு இறங்கி வந்து கிடைத்த முதல் வேலை எந்தப் பக்கம் போனாலும் போய்விடும் போலிருந்தது.

மண்டி ஆட்கள் நாலு பேர் பின்னால் நின்று தள்ள, வண்டி உறுமிக் கிளம்பியது. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் வேலைசெய்து வெகுநாளாகிறது. அதனால் ஒருதரம் கிளம்பினால் திரும்பி மண்டிக்கு வரும்வரை எஞ்சினை நிறுத்தக்கூடாது. பழைய டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது உண்மையாகச் சொன்னது அது ஒன்றுதான். சின்னாறு காட்டில் நிறுத்தினால் யார் வந்து தள்ளுவார்கள்? யானைதான் தள்ளும்.

காந்தலூரில் பூண்டுத் தோட்டக்காரி சிவசங்கரி மூட்டைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்திலேயே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏந்தம்பி, அத செத்த நேரம் அமத்தக் கூடாதா? பொகையில என் பூண்டெல்லாம் கருவாடு மாதிரி நாறப்போகுது."

"அமத்துனா நீங்கதான்க்கா மறையூர் வரைக்கும் தள்ளணும்."

"நல்லாருக்கே கத! நின்னுக்கிட்டே ஓடுற வண்டிய இப்பத்தான் பாக்குறேன்."

ஜோபி சிரித்தான். சிரித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். வந்தபோது இருந்த எண்தான் இப்போதும் இருந்தது. எஞ்சின் மட்டும் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடியிருக்கிறது. போன லோடுக்கும் இப்படித்தான். அதற்கு முந்தின லோடுக்கும். செக்போஸ்ட் வரிசையிலும் இப்படித்தான். ஏற்றத்தில் முதல் கியரில் முக்கி முனகி வரும்போதுகூட, எஞ்சின் பத்து அடி அடித்தால் சக்கரம் ஒரு அடி வைக்கிறது. கிலோமீட்டர் என்பது சக்கரத்தின் கணக்கு. ஆயில் சக்கரத்திலா இருக்கிறது?

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தங்கை எப்சிபா தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களோடு வேலை பார்க்கிறாள், அவளுக்குப் புரியும். ஆனால் வீட்டில் ஒரே போன், அது அம்மா பிலோமியிடம் இருக்கும். லயத்தில் கிடைக்கிற ரேஞ்சுக்குக் குரல் அனுப்பினால் சுற்றிக்கொண்டே நிற்கும், எழுத்துதான் போய்ச் சேரும். அம்மாவுக்குப் பைபிள் தமிழ் மட்டும் வாசிக்க வரும். ஜோபி படித்ததெல்லாம் மலையாளத்தில், தமிழ் பேசத்தான் வரும். அதனால் அவன் போனிடம் பேசுவான், போன் எழுதும். எழுதியதை அவனால் வாசிக்க முடியாது, அப்படியே அனுப்பிவிடுவான்.

எஞ்சின் சத்தத்துக்கு மேலே போனை வாயருகே வைத்துக் கத்தினான்.

"அம்மா, மொதலாளி வண்டியில ஆயில் முடிஞ்சுபோச்சு. காலையிலதான் பாத்தேன், கறுத்துப்போய்க் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு. எங்கயாவது கொண்டுபோய் எறக்கணும். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, என்னையத்தான் புடிப்பாங்க. என்ன பண்றதுன்னு எப்சிபாகிட்ட மட்டும் கேளுங்க."

நீலக் குறி விழுந்ததுகூடத் தெரியாமல் கிளம்பிவிட்டான். மறையூர் தாண்டியதும் ரேஞ்ச் போனது. உடுமலைக்கு வந்தபோது போனில் சார்ஜும் போயிருந்தது.

கொழிஞ்சாம்பாறை மண்டி வாசலில் கூட்டம் நின்றது. நடுவில் ஷுக்கூர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"வாடா ராசா. என்னைய எங்க கொண்டுபோய் எறக்கறதா உத்தேசம்?"

ஜோபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷுக்கூரின் மனைவி நூர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"உங்கம்மா ரேஞ்சு கெடைக்கற மேட்டுக்கு ஏறி வந்து போன் போட்டாங்க தம்பி. 'அம்மா, மனசத் தேத்திக்கங்கம்மா, எம் புள்ள ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டான்'னு ஒரே அழுகை. எனக்குக் கையுங் காலும் ஓடல. 'ஏனுங்க, இவரு மௌத்தாயிட்டாருன்னா என் முன்னால ஒக்காந்து பரோட்டா திங்கறது யாருங்க?'ன்னு உங்கம்மாகிட்டயே கேட்டேன்."

"நானே வாங்கிப் பேசுனேன்டா," என்றார் ஷுக்கூர். "'செத்தவன்தான் பேசறனுங்க'ன்னேன். அதுக்கப்பறம் அந்தப்பக்கம் சத்தமே இல்ல. உந்தங்கச்சி வந்து போன வாங்கி அந்த மெசேஜைப் படிச்சுக் காட்டுச்சு. 'மொதலாளி வண்டியில ஆயுள் முடிஞ்சுபோச்சு, கறுத்துப்போய்க் கெடக்கு.' ஏன்டா, நான் கறுப்புன்னு ஊருக்கே தெரியும். அதுக்காக இப்பிடியா?"

மூட்டைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜோபிக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் வாய் தானாக உளறிவிட்டது.

"அய்யோ மொதலாளி, ஆயுள் இல்ல. ஆயில்! ஆயில்னுதான் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. ஷுக்கூரின் முகம் மாறியது. செத்தவன் என்று சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"ஓ. அதான் சமாச்சாரமா. எவ்வளவு வேணும், சொல்லு."

"காசு வேணாம் மொதலாளி. நீங்க ஏறி உக்காருங்க, அது போதும்."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போகல. சும்மா உக்காருங்க."

வண்டி அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஷுக்கூர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். பின்னால் மூட்டைகள் இறங்க ஆரம்பித்தன. ஜோபி ஜன்னலருகே நின்று மீட்டரைக் காட்டினான்.

"அந்த நம்பரைப் பாத்துக்கிட்டே இருங்க."

ஷுக்கூர் பார்த்தார். சீட்டு அதிர்ந்தது, அவர் தொப்பையும் சேர்ந்து அதிர்ந்தது. கடைசி மூட்டை இறங்கியது. எண் அசையவில்லை.

"மீட்டர் கெட்டுப்போச்சா?"

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. வண்டி நகரல, அதனால அது எண்ணல. ஆனா எஞ்சின் ஓடுதுல்ல? காந்தலூர்ல ஏத்தறப்பவும் இப்பிடித்தான், செக்போஸ்ட்லயும் இப்பிடித்தான். நிறுத்துனா செல்ஃப் எடுக்காதே. எங்க ஃபேக்டரி ஜெனரேட்டர் வச்ச எடத்த விட்டு ஒரு அடி நகந்ததில்ல மொதலாளி. அதுக்கும் ஆயில் மாத்துறாங்க. கிலோமீட்டரா பாக்குறாங்க? எத்தன மணிநேரம் ஓடுச்சுன்னு பாக்குறாங்க. நம்ம வண்டி பாதி நேரம் ஜெனரேட்டர்தான்."

 ஷுக்கூர் ஸ்டியரிங்கைத் தடவினார்.

"செல்ஃப் மோட்டார் எதுக்கு, தள்ளிக்கலாம்னு சொன்னவன் யாரு?" என்று தனக்குத்தானே கேட்டார்.

"நீங்கதான்," என்றார் நூர்ஜஹான், வாசலிலிருந்து.

"நீ உள்ள போ."

பட்டறைக்கு அவரும் கூடவே வந்தார். ஜோபிக்கு அது கொஞ்சம் குத்தியது. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது. அடியில் நட்டைக் கழற்றியதும் ஆயில் சளசளவென்று கொட்டியது. ஷுக்கூர் குனிந்து விரலை நீட்டித் தேய்த்துப் பார்த்தார். மோந்தார்.

"பாலில்லாத கட்டஞ்சாயா மாதிரி ஓடுது," என்றார் மெதுவாக. பிறகு பட்டறைக்காரரிடம், "இந்த வண்டிக்கு எத்தனைக்கு ஒருக்க மாத்தணும்?"

"மலையில லோடு ஏறுற வண்டி. அஞ்சாயிரம் தாண்ட விடாதீங்க. இப்பிடி நிறுத்தாம ஓட்டுனா அதுக்கும் முன்னாலயே. செல்ஃப மாத்துனீங்கன்னா ஆயிலும் கொஞ்சம் தாங்கும்."

"மாத்து. ரெண்டையும் மாத்து."

செல்ஃப் மோட்டார் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். புது ஆயிலோடு வண்டி தயாராக நின்றது, தள்ளத்தான் ஆள் இல்லை. ஷுக்கூர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைலியை மடித்துக் கட்டினார். ஜோபி உள்ளே உட்கார, பட்டறைக்காரரோடு சேர்ந்து அவரே பின்னால் நின்று தள்ளினார். வண்டி பிடித்துக்கொண்டதும் ஓடிவந்து ஏறி, மூச்சிரைக்கக் கதவைச் சாத்தினார்.

"இனி நீ சொல்றப்ப மாத்திக்கலாம்," என்றார் முன்னால் பார்த்தபடியே. "என்னையத் தள்ள வுடாம இருந்தாச் செரி. அந்தப் போனைக் கொண்டா."

பட்டறையில் சார்ஜ் ஏறியிருந்த போனை ஜோபி கொடுத்தான். ஷுக்கூர் அதைக் கண்ணாடி போல முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அம்மிணி, நான் ஷுக்கூர் பேசறனுங்க. பையன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. இனி அஞ்சாயிரத்துக்கு ஒருக்க தவறாம ஆயில் மாத்திக்கறனுங்க."

எழுத்து வந்ததும் வாசித்தார். தொப்பை குலுங்க ஆரம்பித்தது. ஜோபி எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழெழுத்து சுழிசுழியாகத்தான் தெரிந்தது.

"என்ன மொதலாளி போட்டிருக்கு?"

"நீ ரோட்டப் பாரு," என்று சொல்லிவிட்டு ஷுக்கூர் அப்படியே அனுப்பினார்.

மண்டிக்குத் திரும்பும் முன்பே பிலோமியின் பதில் வந்துவிட்டது. ஷுக்கூர் உரக்க வாசித்தார்.

"ஆயுளெல்லாம் நாம மாத்த முடியாதுங்க, அது கர்த்தர் கையில. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. பரோட்டாவக் கொறைங்க."