வேட்பாளர் தலை முழுகினார்

ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்று ஈப்போ மண்டபத்தில் மைக் பிடித்து முழங்கியவன் வேறு யாருமில்லை, இதே சுரேன்தான். வக்கீல் அல்லவா, வாய்க்குக் கேட்கவா வேண்டும்? “சாக்கடை லோங்கான் அடைச்சிருக்கே, எப்ப தோண்டுவேன்னு கேளுங்க. வீட்டு நெலத்துக்கு கிராண்ட் பத்திரம் எப்ப வரும்னு கேளுங்க. நான் யாரக் கும்பிடுறேன்னு மட்டும் கேக்காதீங்க. அது என் வீட்டு விசயம்” என்றான். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் அவன் அக்கா ஷாமினி கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். பாவம், அந்தப் பேச்சில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அவள் நம்பிவிட்டாள்.

ஷாமினி சர்ச்சுக்குப் போகிறவள். அவள் புருசன் தர்மா லாரியோடு கவிழ்ந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடந்தபோது, மாமன் மச்சான் என்று சொல்லிக்கொண்ட ஒரு பயல் எட்டிப் பார்க்கவில்லை. சர்ச்சுப் பெண்கள்தான் முறை வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தார்கள், மூத்திரச் சட்டி எடுத்தார்கள். அவர்களோடு போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இதை அவள் ஒளித்ததும் இல்லை, ஊரைக் கூட்டிச் சொன்னதும் இல்லை. சுரேனுக்கோ முனியாண்டியும் கிடையாது, ஏசுவும் கிடையாது. கல்லூரி நாட்களிலேயே எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டான். அக்காவும் தம்பியும் அதைப் பற்றி ஒருநாளும் சண்டை போட்டதில்லை. தேர்தல் வந்ததும் தொண்டர்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

எல்லாம் ஒரு படத்தால் கெட்டது. ஷாமினியின் மகளைச் சர்ச்சில் ஆசீர்வதித்த அன்று சுரேன் மாமன் முறைக்குப் போய் நின்றிருக்கிறான். பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டே போக, இவனுக்குத் தூக்கம் சொக்கிக் கண் மூடியிருக்கிறது. எவனோ அதைப் படம் பிடித்து வைத்திருந்தான். வேட்புமனு தாக்கல் செய்த மறுநாள் அந்தப் படம் தொகுதியில் உள்ள எல்லாப் போனுக்கும் போய்விட்டது. கீழே ஒரு வரி: ‘ஓட்டு நம்மிடம், ஜெபம் அவர்களிடம்.’

நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடைதான் சுரேனின் ஆட்கள் கூடுகிற இடம். தேர்தல் வேலையெல்லாம் பார்த்துக்கொண்ட தனேஸ்வரன் அங்கே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“மச்சான், எட்டாங்கட்டைத் தோட்டத்து ஓட்டு கையைவிட்டுப் போச்சுன்னா ஆட்டம் குளோஸ்லா. இருக்கிறதே ஒரு பிடி ஓட்டு வித்தியாசம்.”

கல்லாவில் இருந்த நாகூர் மீரான் சும்மா இருந்திருக்கலாம். மனிதருக்கு மனம் கேட்கவில்லை. “தம்பி, உள்ளதச் சொல்லிட்டுப் போங்களேன். அக்கா சர்ச்சுக்குப் போறாங்க, நான் எங்கயும் போறதில்லன்னு. என்னையப் பாருங்க, எவனாச்சும் கேக்குறானா? தொப்பியப் பாத்தாலே தெரியுது, கேள்வி மிச்சம்.”

“எங்கயும் போறதில்லன்னு சொன்னா அது இன்னும் மோசம்ணே!” என்று தனேஸ்வரன் அலறினான். “சர்ச்சுக்குப் போறவன்கூட ஏதோ ஒண்ணக் கும்பிடுறான்னு விட்டுருவானுங்க.”

சுரேன் சிரித்தான். அப்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

எட்டாங்கட்டைத் தோட்டம் என்பது இப்போது பெயரில் மட்டும்தான் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தமான் என்ற குடியிருப்பு வீடுகள் வந்தன. லயத்துச் சனங்கள் அந்தத் தமானின் கடைசி வரிசைக்குப் போனார்கள். முனியாண்டி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டார். நிலம் கம்பெனிக்காரனுடையது. கோயிலை எடு, எடு என்று அவன் நெருக்கிக்கொண்டிருந்தான். அடுத்து ஜெயித்து ஒய்பியாக வருகிறவர் யாரோ அவர்தான் கம்பெனிக்காரனோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தச் சனங்களுக்கு அதுதான் தேர்தல். அதனால் அவர்கள் கேட்க நினைத்த கேள்வியை வெறும் வம்பு என்று தள்ளிவிடவும் முடியாது.

கோயில் தலைவர் பிச்சைமுத்து பழைய மண்டோர். வேலையாட்களை அதட்டி அதட்டியே பழகிய குரல். அவர் தலையாட்டினால் கடைசி வரிசை முழுக்கத் தலையாட்டும். சுரேனையும் ஷாமினியையும் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து சாப்பாடு பரிமாறுகிற நேரத்தில் சுரேன் வேட்டி கட்டிக்கொண்டு போய் இறங்கினான். தனேஸ்வரன் அவன் நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டிருந்தான். மாலை போட்டார்கள், வாங்க வாங்க என்றார்கள். பிச்சைமுத்து மட்டும் எழுந்து வரவில்லை.

“தம்பி, ஓட்டப் பத்தி அப்பறம் பேசலாம். ஒரு கேள்வி இருக்கு. நீ எந்தப் பக்கம்?”

ஈப்போ பேச்சு சுரேனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “மாமா, வேட்பாளரப் பாத்து அப்பிடியெல்லாம் கேக்கறது...” என்று தொடங்கினான். கூட்டம் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. தனேஸ்வரன் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினான். மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய அந்தப் பேச்சைச் சுரேன் அப்படியே விழுங்கினான்.

“இதென்ன கேள்வி மாமா, நான் முனியாண்டி புள்ள.”

“அப்ப சூடம் அடி.”

சூலத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுச் சொல்கிற சொல்லை மீறினால் குடும்பம் விளங்காது என்று அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சுரேன் துளிகூட யோசிக்கவில்லை. இல்லாத சாமி முன்னால் எரிகிற சூடம்தானே? நம்பாதவனுக்குச் சத்தியம் பண்ணுவதில் என்ன செலவு? ஓங்கி அடித்தான். “நான் இந்தக் கோயில் புள்ள, இந்தச் சாமிதான் என் சாமி” என்று கணீரென்று சொன்னான்.

அதோடு விட்டிருப்பார்கள். காளியம்மா விடவில்லை. தமானில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்த மனுசி அவள்.

“சரிப்பா, நீ இந்தச் சாமி. ஒங்க அக்காகாரி? நாளைக்கிக் கோயில ஒடைக்க வரப்போ அவ ஒன் காதுல வந்து ஓதுனா? நீ யார் பக்கம் நிப்ப?”

ஷாமினி கோயிலை இடிக்கச் சொல்வாளா? அவள் பால்குடம் எடுத்த கோயில் அது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். சுரேன் சொன்னது என்ன தெரியுமா? “அவ வேற, நான் வேற காளியக்கா. எனக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல.”

“வாயால சொன்னா ஆச்சா?” என்றாள் காளியம்மா.

பிச்சைமுத்து எழுந்தார். கால் கழுவுகிற குழாயடிக்குத் தானே நடந்து போய், ஒரு வாளியை வைத்து நிரப்பினார். வாளியைக் கொண்டுவந்து சுரேனின் காலடியில் வைத்தார்.

“தலை முழுகிடு. அதோட கேள்வி முடிஞ்சது.”

செத்தவரை எரித்துவிட்டு வந்துதான் தலை முழுகுவார்கள். உயிரோடு இருக்கிறவளுக்குத் தலை முழுகினால், இன்றோடு நீ எனக்குச் செத்தாய் என்று அர்த்தம். பெற்ற வயிறு எரிந்து, வேறு வழியே இல்லாமல் செய்கிற காரியம் அது. கொலைகாரனாகப் போன மகனுக்குக்கூடத் தலை முழுக மனம் வராத தாய்மார்கள் அந்தத் தோட்டத்தில் இருந்திருக்கிறார்கள்.

சுரேன் வாளியைப் பார்த்தான். அவன் புத்தி வேகமாக வேலை செய்தது. தண்ணீர் வெறும் தண்ணீர். அக்காவுக்குத் தெரியும், தம்பிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று. நேரில் போய்ச் சொன்னால் சிரித்துவிடுவாள். ஜெயித்த பிறகு ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். படித்தவன் அல்லவா, தப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? குனிந்து வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

திருநீறு வழிந்து கண்ணில் இறங்கியது. சட்டை உடம்போடு ஒட்டியது. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தான். ஒருவரும் தட்டவில்லை. யாரோ ஒரு பெண் ‘ச்சு’ என்றாள். பிறகு எல்லாரும் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள். தனேஸ்வரன் மட்டும் துண்டோடு ஓடிவந்து, “சூப்பர் மச்சான், வீடியோ பக்காவா வந்துருச்சு” என்றான்.

வீடியோ பக்காவாகத்தான் வந்திருந்தது. ஷாமினி சர்ச்சு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதே ஒரு பெண் போனை நீட்டி, “சிஸ்டர், இது ஒங்க தம்பிதானே?” என்று கேட்டாள். ஷாமினி முழுதும் பார்த்தாள். மகள் எட்டிப் பார்த்து, “மாமா ஏன்மா சட்டையோட குளிக்கிறாரு?” என்றது.

அன்று மத்தியானமே சுரேன் அவள் வீட்டுக்குப் போனான். தலை காய்ந்திருந்தது. கிரில் கதவு பூட்டியிருந்தது. ஷாமினி உள்ளே வந்து நின்றாள், சாவியை எடுக்கவில்லை.

“அக்கா, அது சும்மாலா. எலெக்‌ஷன் டிராமா. ஒனக்குத் தெரியும்ல, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுன்னு.”

“தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சா?”

“அக்கா...”

“இல்ல, கேக்குறேன். சின்னப் புள்ளையில பச்சத் தண்ணி ஊத்துனா ஊரக் கூட்டுவ. நான் அடுப்புல காயவச்சு ஊத்துவேன். இன்னைக்கி எனக்காக ஒரு வாளி மொத்தமும் ஊத்திக்கிட்டியேன்னு கேக்குறேன்.”

“ஜெயிச்சதும் எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்கா. சத்தியமா.”

“எதுல அடிப்ப? சூடத்துலயா, பைபிள்லயா?” ஷாமினிக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. “சாமி இருக்குன்னு பயந்து நீ என்னைய விட்டுருந்தா, என் தம்பி அறியாப்புள்ளன்னு நெனச்சிருப்பேன்டா. சாமியே இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே செஞ்சியே. போ. செத்தவ கதவத் தெறக்க மாட்டா.”

உள்கதவையும் சாத்திவிட்டாள். சுரேன் கிரில்லைத் தட்டினான். தனேஸ்வரன் காரிலிருந்து ஹாரன் அடித்தான். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று இவனும் போனான், வேறென்ன செய்வான்!

சுரேன் தோற்றான். தோல்வி என்றால் வழிய வழியத் தோல்வி. எட்டாங்கட்டைச் சனங்கள் ஓட்டுப் போடுகிற பள்ளியில் மட்டும் அவன் வாங்கியது அவனுடைய ஆட்களின் ஓட்டுத்தான் போலிருக்கிறது. ஜெயித்தவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சர்ச்சுப் படத்தைப் பரப்பியவர்களே கடைசி வாரத்தில் தலை முழுகிய வீடியோவைப் பரப்பினார்கள். ‘கூடப்பிறந்தவளையே கைவிட்டவன்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். எட்டாங்கட்டையில் அதை அதிகமாக அனுப்பியவள் காளியம்மா.

முடிவு வந்த மறுநாள் காலை சுரேன் நாகூர் மீரான் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தான். தனேஸ்வரன் போனை எடுக்கவில்லை. பிச்சைமுத்து வந்தார், நேராக இவன் மேசைக்கே வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தே தாரிக் சொன்னார். சுரேனுக்கு ஆத்திரம் பொங்கியது.

“மாமா, நீங்க கேட்டதெல்லாம் செஞ்சேன். சூடம் அடிச்சேன், தலையும் முழுகினேன். அப்பவும் எனக்கு ஓட்டுப் போடலியே, இது நியாயமா?”

“ஆமா, போடல.”

“வாளிய யார் கொண்டாந்து வச்சது? நீங்கதானே?”

“நான்தான்டா வச்சேன். யாரு இல்லன்னது?” மண்டோர் குரல் கடை முழுக்கக் கேட்டது. “நீ அத எட்டி ஒதப்பன்னு பாத்தேன். எங்க அக்காவப் பேசுனா பல்லப் பேத்துருவேன் கெழவான்னு கத்துவன்னு நின்னேன். கத்தியிருந்தா கடைசி வரிசையே ஒன் பின்னால வந்திருக்கும். ஷாமினி நான் தூக்கி வளத்த புள்ளடா. அவ மாறுனது எனக்குப் புடிக்கல, அதுக்காக? நீ ஊத்திக்கிட்டியே!”

அன்று கிழவர் மனதில் இதுதான் இருந்ததா, பிறகு கூட்டிச் சேர்த்துக்கொண்டாரா, அந்த முனியாண்டிக்குத்தான் வெளிச்சம். சுரேனுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. குரலை இறக்கினான்.

“எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது மாமா. அது எனக்கு வெறும் தண்ணி.”

பிச்சைமுத்து அவனையே பார்த்தார். கல்லாவில் இருந்த நாகூர் மீரானும் காதைத் தீட்டிக்கொண்டார்.

“அப்ப நீ சாமிக்குப் பயந்தும் செய்யல. எங்களுக்குப் பயந்து செஞ்சிருக்க.” அவர் தேத்தண்ணியை முழுதும் குடித்து முடித்தார். “எங்களுக்கே பயப்படுறவன் கம்பெனிக்காரன்கிட்ட போய் என்னாத்தடா பேசுவ?”

சுரேன் வழக்கம்போல இரண்டு பேர் கணக்கையும் தன் பேரில் எழுதச் சொல்லிக் கல்லாப் பக்கம் கை காட்டினான். பிச்சைமுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் தேத்தண்ணிக்குத் தானே காசு கொடுத்துவிட்டுப் போனார்.