கேட்காமல் எடுத்தவன்

என் ஊர் வைலேகா, மலைமேலே. வைசாகேயின் ஊர் நசவு, கடலோரம். எங்கள் தீவில் இந்த இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே குலதெய்வம் என்பதால் நாங்கள் ஒருவருக்கொருவர் தௌவு முறை. தௌவுக்காரன் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் கோபப்படக் கூடாது. எதை எடுத்தாலும் மறுக்கக் கூடாது. போருக்கு முந்தைய வருஷம் வைசாகே என் பன்றியைப் பிடித்துக்கொண்டு போனான். வயிறு எரிய எரிய, கட்டுவதற்குக் கயிறும் நானே கொடுத்தேன்.

போர் வந்ததும் இருவரும் ஒரே படையில் சேர்ந்தோம். போகன்வில் தீவில், ஆற்றுப் படுகையைக் கடக்கும்போது ஜப்பான்காரர்களின் இயந்திரத் துப்பாக்கி எங்களில் மூன்று பேரைச் சாய்த்தது. எனக்குத் தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. மற்றவர்கள் கரைமேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார்கள். "யாரும் போகக் கூடாது!" என்று எங்கள் நியூசிலாந்து லெப்டினன்ட் கத்தியது எனக்கே கேட்டது. வைசாகேவுக்கு மட்டும் கேட்கவில்லை போலும். தவழ்ந்து வந்து ஒருவனை இழுத்துப் போனான். திரும்பி வந்து இன்னொருவனை. இரண்டாம் நடையில் அவன் தோளில் ரத்தம் வழிந்தது.

மூன்றாவதாக என்னிடம் வந்தான். குண்டு பட்ட மணல் எங்கள் முகத்தில் தெறித்தது.

"போடா, மீன் நாத்தம் புடிச்சவனே," என்றேன். "என்னால ஒரு அடிகூட நகர முடியாது. ரெண்டு பேரும் சாக வேணாம்."

"உன்கிட்ட யாருடா கேட்டா, காட்டான்? உன் பன்னிய எடுத்தப்ப கேட்டேனா? இப்ப உன்ன எடுக்கறேன். வாய மூடிட்டு வா."

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "பன்னியே லேசா இருந்துச்சுடா!" என்று வழியெல்லாம் திட்டினான். மேட்டுக்குப் பத்தடி இருக்கையில் திட்டு நின்றது. காலரைப் பிடித்த கை மட்டும் விடவில்லை.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் கழுத்தில் குண்டு பட்டிருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"அவன் செத்துட்டான்! விட்டுட்டு வா!" லெப்டினன்ட் மேட்டிலிருந்து கத்தினார்.

"முடியாது சார். இவன் என் தௌவு. நான் எடுத்துக்கறேன்."

"இது உத்தரவு!"

"இவன எடுக்க நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல சார். இவனையே கேக்க வேண்டியதில்ல!"

ஒரு அடிகூட நகர முடியாது என்று சொன்னவன், அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பத்தடியும் முழங்கையால் நகர்ந்தேன். வாயில் வந்த வசவையெல்லாம் அவன் காதில் கொட்டினேன். முறை தெரிந்தவன், கோபப்படவே இல்லை.